வயது ஒருவருடையது, வருமானம் வீட்டினுடையது

அமெரிக்காவில் வசிக்கும் நண்பர் ஒருவர், வயதையும் வீட்டின் மொத்த வருமானத்தையும் உள்ளிட்டால் அந்த வயதினரில் நாம் எத்தனையாவது பெர்சென்டைலில் நிற்கிறோம், அதாவது நூற்றுக்கு எத்தனை பேர் நமக்குக் கீழே இருக்கிறார்கள் என்று சொல்லும் கணிப்பானில் தமக்கு 82 வந்ததாக மகிழ்ச்சியோடு எழுதியிருந்தார். அவர் மகிழ்ச்சியைக் கெடுப்பது என் நோக்கமன்று. ஆனால் அந்த 82 எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்த்தால், அவர் நினைத்துக்கொண்ட கேள்விக்கான விடை அது அன்று என்பது தெரியவரும்.

இத்தகைய கணக்குகளுக்குப் பெரும்பாலும் அடிப்படையாக இருப்பது, அமெரிக்கச் சென்சஸ் பீரோ நடத்தும் நடப்பு மக்கள்தொகை ஆய்வின் ஆண்டு இணைப்பு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, பெரும்பாலும் மார்ச்சில், முந்தைய நாட்காட்டி ஆண்டின் வருமானத்தைக் கேட்டு எழுதுகிறார்கள். சம்பளம், சுயதொழில், வட்டி, ஓய்வூதியம் எல்லாம் வரிப் பிடித்தத்துக்கு முந்தைய தொகையாகச் சேரும். சொத்தையோ பங்கையோ விற்றுக் கிடைத்த ஆதாயம் சேராது. கைக்கு வரும் சம்பளத்தைக் கணிப்பானில் போடுகிறவர் முதல் படியிலேயே தடுமாறிவிடுகிறார்.

அடுத்தது எடை. மாதிரியில் அகப்பட்ட ஒவ்வொரு வீடும் நாட்டில் உள்ள பல வீடுகளுக்குப் பிரதிநிதி. ஆனால் எல்லா வீடுகளும் ஒரே எண்ணிக்கைக்குப் பிரதிநிதி அல்ல. அந்த எண்ணிக்கையே அந்த வீட்டின் எடை. ஒரு வயதுக்கு ஐந்தே வீடுகள் கிடைத்தன என்று கற்பனை செய்துகொள்வோம். வருமானம் முறையே 20,000, 40,000, 60,000, 80,000, 1,50,000 டாலர். எடை முறையே 3,000, 2,500, 1,500, 2,000, 1,000. எடையைக் கவனிக்காமல் வரிசையின் நடுவை எடுத்தால் இடைநிலை 60,000. எடைகளைக் கீழிருந்து கூட்டிக்கொண்டே போனால், மொத்தம் 10,000இல் பாதியான 5,000 இரண்டாவது வீட்டிலேயே எட்டிவிடுகிறது. இடைநிலை 40,000 ஆகிவிடுகிறது. எந்தப் பெர்சென்டைலுக்கும் இதே கூட்டல்தான். பாதிக்குப் பதில் மொத்த எடையில் வேண்டிய பங்கு வரும்வரை ஏற வேண்டும், அவ்வளவே.

என்னை உண்மையில் உறுத்துவது வயதுதான். வீட்டுக்கு வயது கிடையாது. எனவே வீட்டுத் தலைவர் என்று குறிக்கப்படும் ஒருவரின் வயதை வீடு முழுவதற்கும் ஒட்டுகிறார்கள். வீடு யார் பெயரில் சொந்தமாகவோ வாடகைக்கோ இருக்கிறதோ அவரே தலைவர். கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தால் இருவரில் எவரும் தலைவராகலாம். 1980க்கு முன் கணவனே தலைவர் என்று தாமாகவே எழுதிக்கொண்டார்கள், அது வேறு கதை.

இதன் விளைவு சிறியதன்று. 27 வயதில் நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டு 58 வயதுத் தந்தையின் வீட்டில் தங்கியிருக்கும் மகளின் வருமானம், 58 வயது வீடுகளின் கணக்கைத்தான் உயர்த்தும். 27 வயதின் வரிசையில் அவருக்கு இடமே இல்லை. தனிவீடு எடுக்க வழியில்லாமல் பெற்றோருடன் தங்கியிருக்கும் இளைஞர்களும் அப்படியே மறைந்துபோகிறார்கள். ஆகவே இளவயதுப் பட்டியல் என்பது அந்த வயதினர் அனைவரின் பட்டியலன்று. தனிக்குடித்தனம் தொடங்க முடிந்தவர்களின் பட்டியல். உறவில்லாத மூவர் ஒரு வாடகை வீட்டைப் பகிர்ந்துகொண்டால் மூவர் சம்பளமும் ஒரே வீட்டின் வருமானமாகிவிடும். பிப்ரவரியில் மணமுடித்து மார்ச்சில் கணக்கெடுப்பைச் சந்தித்த இருவரின் சென்ற ஆண்டு வருமானங்களும், அந்த ஆண்டு முழுவதும் அவர்கள் தனித்தனியே வாழ்ந்திருந்தாலும், ஒன்றாகவே கூட்டப்படும்.

ஒவ்வொரு வயதுக்கும் தனி எண் தருவதிலும் எனக்கு உடன்பாடில்லை. சென்சஸ் பீரோ தன் அட்டவணைகளில் 25 முதல் 34, 35 முதல் 44 என்று பத்தாண்டுத் தொகுதிகளாகத் தருவதற்குக் காரணம் இருக்கிறது. 60,000 வீடுகள் மாதிரியில் இருந்தாலும், அறுபது வயதுகளுக்குப் பிரித்தால் ஒரு வயதுக்குச் சராசரியாக ஆயிரம் வீடுகள். அதில் 99ஆவது பெர்சென்டைலுக்கு மேலே இருப்பவை சுமார் பத்து. அந்தப் பத்தில் இரண்டு வீடுகள் இடம் மாறினாலே அந்தப் பெர்சென்டைலின் எல்லைக்கோடு பல ஆயிரம் டாலர் நகரும். போதாக்குறைக்கு, தனியுரிமை கருதி, பொதுப் பயன்பாட்டுக்கான தரவில் மிக உயர்ந்த வருமானங்களை அப்படியே தராமல், 2011 முதல் அருகருகே உள்ள மதிப்புகளைத் தங்களுக்குள் இடம் மாற்றி வைக்கிறார்கள். 33 வயதை விட 34 வயதின் உச்சிக்கோடு தாழ்ந்திருப்பதைக் கண்டு அதற்குப் பொருளாதார விளக்கம் தேடுவோர், பெரும்பாலும் மாதிரிச் சலனத்துக்கு, அதாவது எந்த வீடுகள் மாதிரியில் அகப்பட்டன என்ற தற்செயலுக்கு, விளக்கம் தேடுகிறார்கள். அண்டை வயதுகளையும் சேர்த்துக் கணக்கிடலாம், அல்லது பிழை வரம்பையாவது பக்கத்தில் அச்சிடலாம். இரண்டையும் செய்யாமல் டாலர் துல்லியத்தில் எண்ணை நிறுத்துவதை நான் நேர்மை என்று சொல்லமாட்டேன்.

நண்பருக்கு 31 வயது, அவர் மனைவிக்கு 27. வாடகை ஒப்பந்தம் இருவர் பெயரிலும் இருக்கிறது. அவர்கள் வீட்டுக் கதவைக் கணக்கெடுப்பாளர் தட்டியிருந்து, மனைவியின் பெயர் முதலில் எழுதப்பட்டிருந்தால், அதே வீடு, அதே வருமானம், 27 வயது வரிசையில் போய் அமர்ந்திருக்கும். அங்கே போட்டி சற்றுக் குறைவு. 82ஐ விடக் கூடுதலாகவே வந்திருக்கும் என்று அவருக்குப் பதில் எழுதினேன். மனைவியின் வயதைப் போட்டுப் பார்த்துவிட்டு, 86 என்று உடனே அனுப்பிவிட்டார்.