உண்ணியின் உடலில் உள்ளவை எல்லாம் நோய்க்கிருமிகளா?

உண்ணிக்குள் வாழும் பாக்டீரியா அனைத்தும் நோய்க்கிருமிகளே என்றும், ஒவ்வோர் உண்ணியும், உண்ணிக்கடியால் மனிதருக்குப் பரவும் லைம் நோயின் கிருமியுடனேயே பிறக்கிறது என்றும் பரவும் செய்தி தவறானது.

உண்ணியின் உணவான இரத்தத்தில் பி வகை வைட்டமின்கள் மிகக் குறைவு என்பதால், அமெரிக்காவின் லோன் ஸ்டார் உண்ணி, அவற்றைத் தயாரித்துத் தரும், தாயிடமிருந்து முட்டை வழியே வந்து சேரும் காக்சியெல்லா வகைப் பாக்டீரியாவை நம்பியே வாழ்கிறது. ஆன்டிபயாடிக் செலுத்தி அந்தப் பாக்டீரியாவைக் குறைத்தபோது உண்ணியின் இனப்பெருக்கமே குன்றியது. லைம் நோயை உண்டாக்கும் பொரீலியாவோ இவ்வாறு வருவதில்லை. கருங்கால் உண்ணியின் ஆறு கால் இளம் பருவம் அக்கிருமி இன்றியே பொரிந்து, பெரும்பாலும் வெண்கால் சுண்டெலியின் இரத்தத்தைக் குடிக்கும்போதுதான் அதைப் பெறுகிறது. உண்ணிக்குள் எவை வாழ்கின்றன என்பதில் அது கடித்த விலங்குக்கும், வெப்பநிலைக்கும், அது வாழும் சருகின் ஈரப்பதத்துக்கும் பங்குண்டு.

கடித்த உண்ணியைக் கூரிய இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுத்து அகற்றுங்கள். 24 மணி நேரத்துக்குள் அகற்றினால் லைம் நோய் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு.