பலென்கே கல்லறை மூடியில இருக்கிறது ராக்கெட் இல்லங்க

மெக்சிகோவுல பலென்கேங்கிற பழைய மாயன் நகரத்துல இருக்கிற ராஜா பகாலோட கல்லறை மூடிப் படத்தைப் போட்டு, அவர் ராக்கெட் ஓட்டுறார்னு ஒருத்தர் எழுதியிருக்காரு, அது தப்புங்க. அந்தப் படத்தை பக்கவாட்டுல திருப்பிப் போட்டிருக்காங்க, அதான் அப்படி தெரியுது. நிமிர்த்தி வச்சு பாருங்க, நடுவுல சிலுவை மாதிரி நிக்கிறது உலக மரம் (வானம், பூமி, பாதாளத்தை இணைக்குதுன்னு மாயன் மக்கள் நம்பின மரம்), உச்சியில ஒரு பறவை, கீழ பாதாளத்தோட எலும்பு வாய். பலென்கேல பக்கத்து கோயில் சிற்பத்துலயும் இதே மரம் இருக்கு, அதுல ராக்கெட் எங்க வந்துச்சு? மூடியோட விளிம்புல செதுக்கின எழுத்துல பகாலோட பிறப்பு, இறப்பு, முன்னோர் இறந்த தேதி எல்லாம் இருக்கு. கல் சவப்பெட்டியோட பக்கங்கள்ல அந்த முன்னோர்களே கொக்கோ, கொய்யா, அவகாடோ மரத்தோட மண்ணுல இருந்து எழுந்து வர்றாங்க, எனக்கு மூடியை விட இதான் ரொம்ப பிடிக்கும். 615ல சின்னப் பையனா பட்டத்துக்கு வந்து 683ல செத்துப்போன மனுஷன் பகால். 1948ல தொல்லியல் அறிஞர் அல்பெர்தோ ரூஸ், கல்லறைக்கு மேல இருக்கிற கோயிலோட தரைக்கல்லுல ஓட்டைகளைப் பாத்துட்டு, அடியில படிக்கட்டு முழுக்க அடைச்சிருந்த கல்லையும் மண்ணையும் வருஷக்கணக்கா அள்ளி, 1952லதான் அந்தக் கல்லறை அறைக்கே போனாரு. அவ்ளோ உழைச்சு கண்டுபிடிச்சத, மாயன் மக்கள் தானே செதுக்கினத, வேற்றுக்கிரகவாசி கணக்குல எழுதாதீங்க ப்ளீஸ்.