வயநாட்டுக்குப் போங்கள், அவர்கள் கூப்பிடும் இடத்துக்கு

அந்த வீடியோவை இங்கே பாதிப் பேர் பார்த்துவிட்டீர்கள். லிங்க் போட மாட்டேன். 2024 மண்சரிவில் அழிந்த வயநாட்டுச் சூரல்மலையில் ஒருவர் நின்றுகொண்டு, இடிந்த வீடுகளைக் காட்டி, பேய்ப் படத்துக்குப் போடும் இசையைப் போட்டு, “சபிக்கப்பட்ட கிராமம்” என்று தலைப்பு. கடைசியில் ஒரு அறிவுரை வேறு: “ஃபேமிலியோட வயநாடு பக்கம் வந்துடாதீங்க மக்களே.”

அவர் போகலாம். செத்தவர்களின் வீட்டு வாசலைப் படம் பிடித்துச் சம்பாதிக்கலாம். நாம் போய் உயிரோடு இருக்கிற ஒருவர் வீட்டில் தங்கி, கஞ்சியும் பயறும் சாப்பிட்டு, அதற்குக் காசு கொடுக்கக் கூடாது. இதில் எது மனிதத்தன்மை?

இதைத்தான் அந்த வீடியோவுக்குக் கீழே இரண்டு வரியில் கேட்டேன். “பிணத்து மேல டூரிசம் நடத்தச் சொல்றியா, உனக்கு யாராவது செத்திருந்தா தெரியும்” என்று பதில் வந்தது. அதற்கு முந்நூறு லைக்.

எனக்குத் தெரியும். நான் நீலகிரி மாவட்டத்துப் பந்தலூர்க்காரி. சேரம்பாடி, சோலாடி செக்போஸ்ட் தாண்டினால் மேப்பாடி எங்களுக்குப் பக்கத்து ஊர். அத்தையைக் கட்டிக்கொடுத்தது அங்கேதான், தேயிலை எஸ்டேட்டில். 2024 ஜூலை 30 விடியற்காலையில் புஞ்சிரிமட்டத்துக்கு மேலே மலை உடைந்து முண்டக்கை, சூரல்மலை என்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனபோது, மத்தியானம் வரை அத்தைக்கு போன் போகவில்லை. அத்தை பிழைத்தார். அத்தை வீட்டுக் கல்யாணத்தில் எங்களோடு பந்தியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் பிழைக்கவில்லை. உடல்கள் சாலியாற்றில் அடித்துப்போய் மலப்புறம் மாவட்டத்தில் நிலம்பூர் பக்கம் கரை ஒதுங்கின. அடையாளம் தெரியாதவர்களைப் புத்துமலையில் புதைத்தார்கள். 2019 ஆகஸ்டில் அந்தப் புத்துமலையிலேயே மண் சரிந்து பதினேழு பேர் போனார்கள். துக்கத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

நான் சொல்வது ஒன்றுதான். அங்கே இருப்பவர்களைக் கேளுங்கள். எந்த இடத்துக்கு வரலாம், எந்த இடத்தில் கால் வைக்கக் கூடாது என்று அவர்கள் சொல்லட்டும். அந்த வீடியோக்காரரும் கேட்கவில்லை, பயந்து புக்கிங்கை கேன்சல் செய்தவர்களும் கேட்கவில்லை.

மண் சரிந்தது மேப்பாடி பஞ்சாயத்தின் மூன்று வார்டுகளில். மாவட்டத்தின் பரப்பு இரண்டாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். மாவட்டத்தின் வடகோடியில் இருக்கும் தோல்பெட்டி அங்கிருந்து அறுபது கிலோமீட்டருக்கும் அப்பால். அங்கே முன்பதிவு செய்திருந்தவர்களும் ஓணத்துக்கு வரவில்லை. ஆகஸ்டில் வராததை நான் குறை சொல்லவே மாட்டேன். “வேடிக்கை பார்க்க வராதீர்கள்” என்று கேரளப் போலீஸே கேட்டுக்கொண்டது, அது சரி. ஆனால் அதற்கு அடுத்த பருவத்திலும் வராமல் இருந்தீர்களே, அது யாருக்கான மரியாதை?

ரிசார்ட்டுக்குக் கூட்டம் குறைந்தால் அது கணக்கில் ஒரு நஷ்டம். அந்த ஊர்ச் சேச்சிமார் சேர்ந்து நடத்தும் வீட்டுத் தங்கல் (ஹோம்ஸ்டே) அப்படியில்லை. திருக்கைப்பேட்டை மூங்கில் வேலைக்குப் பேர்போன ஊர், அதுவும் மேப்பாடிக்குப் பக்கம்தான். அந்த மாதிரி ஊரில் ஒரு குடும்பம் இரண்டு நாள் தங்கினால் அறைக்கான காசு ஒரு வீட்டுக்கு, பால் காசு பக்கத்து வீட்டுக்கு, ஜீப் வாடகை இன்னொருவருக்கு, சமையலுக்கு வரும் பெண்ணுக்குக் கூலி, கிளம்பும்போது வாங்கும் மூங்கில் விளக்குக்கான காசு அதை முடைந்தவருக்கு. ஆள் வரவில்லையென்றால் இத்தனை பேருக்கும் வராது. குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுயஉதவிக் குழுவில் வாங்கிய கடனுக்கு வாராவாரம் கட்டுவது மட்டும் நிற்காது.

காட்டுப் பக்கம் வேலை செய்தவர்களின் பாடு இன்னும் மோசம். 2024 பிப்ரவரியில், வயநாட்டின் வனச் சுற்றுலா இடமான குறுவா தீவின் பணியாளர் ஒருவரை யானை கொன்றது. வனச் சுற்றுலா இடங்களை மூடினார்கள். அக்டோபரில்தான் கோர்ட் அனுமதியோடு திறக்கத் தொடங்கினார்கள். வன சம்ரக்ஷண சமிதி என்ற உள்ளூர் வனப் பாதுகாப்புக் குழு மூலம் மூங்கில் தெப்பம் தள்ளி, டிக்கெட் கிழித்துக் கூலி வாங்கியவர்கள் அந்த மண்சரிவுக்கு முன்பே வேலையில்லாமல் இருந்தவர்கள்.

நேபாளத்தில் லாங்டாங் என்று ஒரு பள்ளத்தாக்கு. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் பனியும் பாறையும் இறங்கி ஊரே புதைந்துபோனது. மிஞ்சியவர்கள் காத்மாண்டுவில் ஒரு மடாலயத்து முகாமில் மாதக்கணக்கில் கிடந்தார்கள். அப்புறம் அவர்களே கமிட்டி போட்டுத் திரும்பிப் போனார்கள். விடுதிகளைக் கட்டினார்கள். இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்து நினைவுச் சுவர் எழுப்பினார்கள். இன்று மலையேற வருகிறவர்கள் அதன் வழியாகத்தான் நடக்கிறார்கள். அங்கே யாரும் அவர்களிடம் பிணத்தின் மேல் கடை போடுகிறாயா என்று கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. கேட்டிருந்தால் அந்த ஊர் திரும்பியே இருக்காது.

“பாதுகாப்பு?” நியாயமான கேள்வி. ரெட் அலர்ட் நாளில் யாரும் போகாதீர்கள், சேச்சிமாரே வேண்டாம் என்று போன் செய்து சொல்வார்கள். மழை முடிந்து போங்கள்.

“டூரிசம்தானே மலையைக் கெடுத்தது?” இதைக் கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, வருத்தம்தான். கல் குவாரிகளையும், சரிவை வெட்டிக் கட்டிய கட்டடங்களையும் பற்றிக் கேளுங்கள், உங்களோடு சேர்ந்து நானும் கத்துகிறேன். 2011-லேயே மேற்குத் தொடர்ச்சி மலையை ஆராய்ந்த மாதவ் காட்கில் குழு, மேப்பாடி இருக்கும் வைத்திரி தாலுகாவை மிகவும் பாதுகாக்க வேண்டிய பகுதி என்று எழுதிக் கொடுத்தது. அன்றைக்கு யார் காது கொடுத்தார்கள்? கண்ணாடிப் பாலம் கட்டியவனையும், இருக்கிற வீட்டிலேயே ஒரு அறையை ஒதுக்கி விருந்தாளிக்குக் கொடுப்பவளையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள். அவள் மலையை வெட்டவில்லை. மலை போனால் முதலில் போவது அவள் வீடு.

“அரசாங்கம் பார்த்துக்கும்” என்கிறீர்கள். மறுசீரமைப்புக்கு 2025 பிப்ரவரியில் மத்திய அரசு 529.50 கோடி ஒதுக்கியது, அதுவும் கடனாக. கல்பற்றாவில் எல்ஸ்டன் எஸ்டேட் நிலத்தில் வீடிழந்தவர்களுக்கான டவுன்ஷிப்புக்கு அடிக்கல் நாட்ட 2025 மார்ச் ஆனது. வீடு கிடைக்கட்டும், நல்லது. வீட்டுக்குள் அடுப்பு எரிய வேலை வேண்டாமா?

இன்னொன்றும் சொல்கிறேன், மனதில் கிடந்து அறுக்கிறது. அந்த எஸ்டேட்டுகளில், எஸ்டேட் கொடுக்கும் லைன் வீடுகளில் தங்கி, நம் தமிழ் ஆட்களும் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளினார்கள். எஸ்டேட் வேலை முடிந்தால் லைன் வீட்டையும் விட்டுவிட வேண்டும். கையில் நிலம் கிடையாது. அதனால்தான் அத்தை மகள் எஸ்டேட்டுக்குப் போகாமல் ஒரு வீட்டுத் தங்கலில் சமைக்கப் போனாள். வருகிறவர்களுக்கு அவள் கையால் சாப்பாடு போட்டு, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரிப்பாள். அந்த வேலையைத்தான் “மக்களே வந்துடாதீங்க” என்று அந்த ஆள் பிடுங்குகிறார், தமிழில், தமிழர்களிடம்.

இதற்கும் கீழே வந்து “உனக்குக் கமிஷன் எவ்வளவு” என்று கேட்பீர்கள். எனக்கு ஒரு பைசா இல்லை. அவளுக்கு, ஆள் வந்தால் அன்றைக்குக் கூலி. வராவிட்டால் கிடையாது. போன வாரம் முழுக்க ஆள் வரவில்லை.