சயனைட் மேட்டுல தங்கம் இருக்காம்

திரும்ப ஆரம்பிச்சிட்டாங்க. கோலார் தங்கவயல் சயனைட் மேட்டு மண்ணுல இன்னும் தங்கம் இருக்காம், 13 மேட்டையும் தோண்டப் போறாங்களாம். 2024ல கர்நாடக கேபினட் சரின்னு சொன்னதுல இருந்து எங்க மாரிக்குப்பம் டீக்கடையில இதே பேச்சுதான்.

தங்கவயல் பாக்காதவங்களுக்கு சொல்றேன், கல்ல அரைச்சு சயனைட்ல தங்கத்த கரைச்சு எடுத்துட்டு மிச்ச மண்ண நூறு வருஷத்துக்கு மேல கொட்டிக் கொட்டி மலையானதுதான் அந்த மேடு. ஆடிக் காத்துல கொடியில காயப்போட்ட வெள்ளச் சட்டை சாயங்காலம் சாம்பல் கலர் ஆயிடும். அம்மா தண்ணி டிரம் மேல பழைய புடவைய நாலா மடிச்சுக் கட்டுவாங்க, காலைல உதறுனா ஒரு பிடி மண்ணு.

1880ல ஜான் டெய்லர்னு வெள்ளக்காரன் சுரங்கக் கம்பெனி வந்தப்புறம் வடாற்காடு, சேலம் பக்கமிருந்து வந்த சனம்தான் நாங்க. தாத்தா ஊர் குடியாத்தம் பக்கம். ஊர்ல பண்ணையார் முன்னாடி துண்ட இடுப்புல கட்டணும், இங்க மாசச் சம்பளம், கம்பெனி குடுத்த லைன் வீடு. அதுக்காகத்தான் பாறையே கொதிக்கிற ஆழத்துக்கு எறங்குனாங்க, கடைசில 3 கிலோமீட்டருக்கும் கீழ போயிடுச்சு. சும்மா எறங்கிட்டு மட்டும் இருக்கல, சாதிய எதுத்த அயோத்திதாசரோட பௌத்த சங்கத்துக்கு இங்க கிளை இருந்துச்சு, 1930ல கம்பெனி கேட்ட கைரேகைய வைக்க மாட்டோம்னு ஸ்ட்ரைக்கே பண்ணாங்க. இதயெல்லாம் யாரும் பேசறதில்ல, எவ்ளோ தங்கம்னு மட்டும் கேக்கறாங்க.

ஏர் பிளாஸ்ட்னா என்னன்னு பாட்டிகிட்ட கேக்கணும். கீழ பாறை வெடிச்சா மேல அலமாரி பாத்திரம் கடகடன்னு ஆடுமாம், தூக்கத்துல இருந்து எழுந்து பொம்பளைங்க எல்லாம் ஷாஃப்ட்டுக்கு, அதான் சுரங்க வாசலுக்கு, ஓடுவாங்களாம், யார் வீட்டு ஆளுன்னு தெரியற வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்களாம்.

2001 பிப்ரவரி 28ல சுரங்கத்த மூடுனாங்க. அதுலருந்து விடியக்காலை ட்ரெயின் புடிச்சு பெங்களூரு, ராத்திரி திரும்பி வந்து தூங்க மட்டும் வீடு. இதையும் ட்ரெயின்ல நின்னுக்கிட்டேதான் டைப் பண்றேன்.

தோண்டட்டும், நான் வேணாம்னு சொல்லல. காலங்காலமா படிஞ்ச மேட்ட மிஷின் வெச்சுக் கிளறுனா தூசி எங்க போகும், லாரிக்கு தார்ப்பாய் போடுவாங்களா, தண்ணி அடிப்பாங்களா, ஊர்ப் பசங்கள்ல எத்தன பேருக்கு வேலை, இத மொதல்ல எழுத்துல குடுக்கச் சொல்லுங்க. டீக்கடையில இதக் கேட்டா பெரியப்பா என்னைய மொறைக்கறார், வர்ற வேலையக் கெடுக்கறேனாம். அவர் மேல கோவமும் வரல, ரெண்டு பசங்களும் இதே ட்ரெயின்லதான் தொங்கிட்டுப் போறாங்க.

பங்காரப்பேட்டை வந்துடுச்சு, கூட்டம் ஏறுது, போன உள்ள வெக்கறேன்.