ஆயிரம் ரூபாய் சரி, பாடம் நடத்த ஆள் எங்கே?

போன வாரம் குலசேகரத்தில் ஒரு சாயாக் கடையில் தெரிந்த மாமா ஒருவர், "காலேஜ் பிள்ளைகளுக்கு மாசம் ஆயிரம் ரூபா குடுக்காங்க, எல்லாம் நம்ம வரிப்பணம், ஒண்ணும் திரும்பி வராது பாத்துக்கோ" என்றார். பஸ் வந்துவிட்டதால் அவரிடம் முழுசாகப் பேச முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா ரப்பர் பால் வெட்டியவர். மழை பிடித்துக்கொண்டால் வெட்டு கிடையாது, கையில் காசும் கிடையாது. அந்த வீட்டிலிருந்து நான் நாகர்கோவிலுக்குப் போய் அரசு உதவி பெறும் ஒரு கல்லூரியில் இயற்பியல் படித்தேன் என்றால், அங்கே பாடம் நடத்தியவர்களுக்கு அரசு சம்பளம் கொடுத்ததால்தான். இப்போது வங்கியில் இருக்கிறேன். என் மூன்று வருடப் படிப்புக்கு அரசு செலவழித்ததை நான் எப்போதோ வருமான வரியாகக் கட்டி முடித்திருப்பேன், இன்னும் கட்டிக்கொண்டேதான் இருக்கிறேன். மாமா, இது திரும்பி வந்த பணம் இல்லையா?

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் இஸ்ரோ தலைவர் ஆகியிருக்கிறார்கள். சிவன் தமிழ் வழியில் அரசுப் பள்ளியில் படித்து, தெ.தி. இந்துக் கல்லூரியில் கணிதம் முடித்தவர். நாராயணன் டிப்ளமோ படித்து 1984-ல் இஸ்ரோவில் சேர்ந்து, பிறகு ஐஐடி கரக்பூரில் எம்.டெக்., முனைவர் பட்டம் என்று போனவர். அவர் முன்னின்று உருவாக்கிய, மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் இயங்கும் கிரையோஜெனிக் பகுதியோடுதான் எல்விஎம்-3 ராக்கெட் 2022, 2023-ல் ஒன்வெப் நிறுவனத்தின் 72 செயற்கைக்கோள்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு மேலே கொண்டுபோனது. இவர்களைப் படிக்க வைத்தவர்கள் அன்றைக்கு இந்த வரவைக் கணக்கில் எழுதியிருக்க முடியுமா?

சரி, எல்லாரும் ராக்கெட் விடப் போவதில்லை. 2001-ல் ஆசாரிப்பள்ளத்தில் மருத்துவக் கல்லூரி வருவதற்கு முன்னால் கொஞ்சம் பெரிய கேஸ் என்றாலே திருவனந்தபுரத்துக்கு வண்டி பிடிக்க வேண்டும், நம் வீடுகளில் அந்த ராத்திரிகளை மறந்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். கல்லூரி என்று பணம் போட்டார்கள், கூடவே நமக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரி கிடைத்தது.

அரசு செலவழிக்காவிட்டால் அந்தச் செலவு மாயமாய்ப் போய்விடாது, நம் வீட்டு நகை மேல் வந்து விழும். மார்த்தாண்டம், தக்கலை பக்கம் பையனின் இன்ஜினியரிங் ஃபீஸுக்காக அடகு வைத்த சங்கிலி மீளாமலே போன வீடுகளை வங்கி கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வருஷக்கணக்காகப் பார்க்கிறேன். அந்தப் பையன் படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலையில் மாசம் பதினைந்தாயிரத்துக்கு நிற்கிறான், கடன் வட்டியோடு ஓடுகிறது.

மாமா சொன்ன அந்த ஆயிரம் ரூபாய்த் திட்டங்கள், பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் 2022-லும் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-லும் தொடங்கியபோது மனதார சந்தோஷப்பட்டேன். 2021-22 கணக்குப்படி 18-23 வயதுக்காரர்களில் உயர்கல்விக்கு வருபவர்கள் இந்திய அளவில் 28 சதவீதம் சொச்சம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். இது சும்மா வந்ததில்லை. ஆனால் பிள்ளையைக் கல்லூரி வாசல் வரை கொண்டுவந்து விட்டு, உள்ளே நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்களைக் காலியாகவே வைத்திருந்தால் என்ன பலன்? நிரந்தரம் இல்லாத கௌரவ விரிவுரையாளர்கள் பாதி பாடத்தைத் தூக்கிச் சுமக்கிறார்கள், பலர் முனைவர் பட்டம் வாங்கியவர்கள், விடுமுறை என்று மே மாதச் சம்பளம் கூடக் கிடையாது. நாட்டு வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்கு வேண்டும் என்று மத்திய அரசு அமைத்த கோத்தாரி கல்விக் கமிஷன் 1966-ல் சொன்னது, 2020 கல்விக் கொள்கையும் அதே 6-ஐத்தான் எழுதி வைத்திருக்கிறது, இன்னும் எட்டவில்லை. எனக்குக் கோபம் அங்கேதான்.

அண்ணன் மகள் இப்போது ஒரு அரசுக் கல்லூரியில் நான் படித்த அதே இயற்பியல்தான் படிக்கிறாள். போன செமஸ்டரில் ஒளியியல் எடுத்தவர் வேறு நிரந்தர வேலை கிடைத்துப் பாதியில் போய்விட்டார், அவரைக் குறை சொல்ல முடியாது. மீதிப் பாடத்தைப் பிள்ளைகள் யூடியூப் பார்த்து எழுதினார்கள். ஜூனில் அவளுக்கு மூன்றாம் வருஷம் தொடங்குகிறது, அந்த இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை.