மேல ஒண்ணுமே இல்லையாம்!

அந்த திண்டுக்கல் மலைக்கோட்டை வீடியோவை இனிமே யாரும் எனக்கு அனுப்பாதீங்க. பார்த்துட்டேன். பீரங்கி மேல ரெண்டு பக்கமும் காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு, "மேல ஒண்ணுமே இல்ல ப்ரோ, வெறும் பாறை, இடிஞ்ச செவுரு, கீழ போய் பிரியாணி சாப்பிடுவோம்"னு அந்தத் தம்பி அருளினதையும் கேட்டுட்டேன்.

ஒண்ணுமே இல்லையா?

தம்பி தேடினது அரண்மனையை. மதுரையில மகாலைப் பார்த்துட்டு நேரா பஸ் ஏறிட்டார் போல. திண்டுக்கல் ராஜா குடியிருந்த ஊர் இல்லீங்க, சிப்பாய் குடியிருந்த ஊர். மேற்கே இருந்து மதுரைக்குப் படை வந்தா மறிக்கிறதுக்குன்னே 1605-ல முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் அந்தப் பாறை மேல கோட்டை கட்டினார். ஆள் தங்க அறை, வெடிமருந்து வைக்க அறை, மழைத்தண்ணி தேங்க பாறையில பள்ளம். எல்லாம் இன்னும் இருக்கு. ஏறுற படியே பாறையில வெட்டினதுதான். அதுல மூச்சு வாங்க ஏறினவன் ராஜா இல்ல, மூட்டை தூக்கினவன். அவனுக்கு எவன் தூண் வெச்சு தர்பார் கட்டுவான்?

1755-ல ஹைதர் அலி இங்க ஃபவுஜ்தாரா, அதாவது படை அதிகாரியா வந்தப்ப அவர் மைசூர்ப் படையில ஒரு தளபதி, அவ்வளவுதான். இங்க உட்கார்ந்து பிரெஞ்சுக்காரங்களை வெச்சு ஆயுதச்சாலை போட்டார், படை சேர்த்தார். 1761-ல மைசூரே அவர் கையில. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் 1767-ல இந்தக் கோட்டையைப் பிடிச்சான், விட்டான். 1783-ல பிடிச்சான், திருப்பிக் கொடுத்தான். 1790-ல மறுபடி பிடிச்சு, 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் ஒப்பந்தத்துல எழுதியே வாங்கிட்டான். ஒண்ணுமில்லாத பாறைக்கு எவனாவது மூணு தடவை வருவானா?

உடனே ஒருத்தர் வருவார், "ஹைதருக்குக் கொடி பிடிக்கிறியா?"ன்னு. யாருக்கும் பிடிக்கலை சாமி. உச்சியில சிலை இல்லாத கோயிலும் இருக்கு, கீழ பேகம்பூர்ல ஹைதரோட தங்கச்சி சமாதியும் இருக்கு. ரெண்டும் எங்க ஊர்தான். "வீடியோவால நாலு பேர் வந்தா ஊருக்கு நல்லதுதானே"ன்னு இன்னொருத்தர். நியாயம்தான். வர்ற நாலு பேரும் பீரங்கி வாயில தண்ணி பாட்டிலைச் சொருகிட்டு, செவுத்துல காதலி பேரைக் கீறிட்டுத்தான் போறாங்க. ரொம்ப நல்லது!

எனக்கு ஏன் இவ்வளவு எரியுதுன்னா, இது எனக்குப் புதுசு இல்ல. மதுரையில வேலை பார்த்த காலத்துல ஆபீஸ்ல எனக்குப் பேரே 'பூட்டு'. "உங்களுக்கு ஏதுய்யா வரலாறு, 1985 வரைக்கும் எங்க மாவட்டத்துல ஒரு தாலுகாதானே"ன்னு டீ குடிச்சுக்கிட்டே சொல்வாங்க. எங்கப்பா பட்டறையில மாங்காய்ப் பூட்டுக்கு அரம் போட்டவர். விரல் இடுக்குல இரும்புத்தூள் போகவே போகாது, சோத்துல கை வெச்சா எங்கம்மா திட்டும். பட்டறை லீவு அன்னைக்கு என்னை மலைக்குக் கூட்டிட்டுப் போவார். மேல நின்னு சிறுமலையைக் காட்டுவார், ஒட்டன்சத்திரம் பக்கம் கையை நீட்டி, "அங்கிட்டு விருப்பாச்சி, கோபால் நாயக்கர் ஊரு"ம்பார்.

அந்த கோபால் நாயக்கர்தான் வேலு நாச்சியாருக்குப் புகலிடம் கொடுத்தவர். பழனிப் பக்கம், கோயம்புத்தூர்ப் பக்கம் பாளையக்காரங்களைச் சேர்த்துக்கிட்டு கம்பெனியை எதிர்த்தவர். 1801-ல இதே திண்டுக்கல்லுல தூக்குல போட்டாங்க. கட்டபொம்மனைத் தெரியும், மருதிருவரைத் தெரியும், இவரை மட்டும் தெரியாது. ஏன்னா திண்டுக்கல்னா பிரியாணி!

வெளியூர்க்காரன் சொன்னதைக்கூட விட்டுடலாம். அந்த வீடியோவுக்குக் கீழ வரிசையா சிரிக்கிற பொம்மை போட்டது பூரா நம்ம ஊர் ஆளுங்க. அதுல என் சொந்த மச்சானும் ஒருத்தன். மாப்ளே, ஞாயித்துக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வருவேல்ல, வா. அன்னைக்கு சாம்பார்தான்.