தெருவே கூடித்தான் எழுப்பணுமா?

தோள்ல போட்டு, முதுகைத் தட்டித் தட்டி, கை மரத்துப்போய் ரெண்டு வயசுக்காரியைத் தூங்க வெச்சா, அப்பத்தான் தெருவுக்கே உயிர் வரும். "பழைய இரும்பு, தகரம், பிளாஸ்டிக்"னு ஸ்பீக்கர்ல ஒருத்தர். அவர் போனதும் கோலமாவு. அப்புறம் கூரியர். காலிங்பெல் மேலயே "அடிக்காதீங்க"ன்னு பேப்பர் ஒட்டியிருக்கேன். அந்தப் பேப்பரைத் தூக்கிட்டு அடிக்கிறாரு! மாமியார் வேற, "தூங்குறாளா?"ன்னு கேட்கவே ஃபோன் போடுறாங்க. தூங்கிட்டுத்தான் இருந்தா அத்தை!

இதுல "புள்ள தூங்கும்போது நீயும் தூங்கு"ன்னு அட்வைஸ். பாத்திரத்தை யாரு கழுவுவா, பூனையா?

இவ என்னடான்னா அரைக்கண்ணைத் திறந்து, எச்சில் ஒழுகச் சிரிச்சு, "ம்மா... ஏந்தாச்சு"ங்கிறா. கோவமாவது வருதா? அதுவும் இல்ல. இனி ராத்திரி 11 மணி வரைக்கும் கச்சேரிதான்!